இடது காதுக்கும் வலது காதுக்கும் ஒரே பில்

என் அக்கா மகள் கல்லூரிக்குப் பேருந்தில் தினமும் இரண்டு மணி நேரம் போய் வருகிறாள். அவளுடைய வயர்லெஸ் இயர்பட்ஸில் இடது பக்கம் எட்டாவது மாதத்தில் ஊமையாகிவிட்டது. ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்ற தெம்பில் இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். கவுன்டரில் இருந்த தம்பி பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பில் இருக்குங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அவள் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டிய தாள் வெறும் வெள்ளையாக இருந்தது. கடைப் பெயர் இருந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல். "போன மாசம்கூட எழுத்து தெரிஞ்சுது மாமா" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். வாரண்டி என்ற சொல்லை நாம் பொருளோடு சேர்த்தே பேசுகிறோம், அது பெட்டிக்குள் வைத்து விற்கப்படும் ஏதோ ஒன்று போல. கவுன்டரில் நடப்பது வேறு. அங்கே கேட்கப்படுவது எப்போது வாங்கினாய், யாரிடம் வாங்கினாய், நீ வாங்கியது இதுதானா என்ற மூன்று கேள்விகள். பில் என்பது இந்த மூன்றையும் ஒரே தாளில் முடிச்சுப்போடும் ஒரு வசதி. முடிச்சு அவிழ்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தேட வேண்டியிருக்கிறது. எந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போயிற்று என்று தெரியாமல் "வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க" என்று திரும்பி வருகிறவர்களே அதிகம்.

முதலில் அந்த வெள்ளைத் தாளைப் பற்றி. கடைகளில் இன்று பில் அடிக்கும் சிறு இயந்திரத்தில் மை கிடையாது. தாளின் மேல் பூசியிருக்கும் நிறமற்ற சாயமும் அமிலத் தன்மையுள்ள இன்னொரு பொருளும் சூட்டில் உருகிக் கலக்கும்போது கறுப்பு எழுத்து தோன்றுகிறது. கலந்தது மறுபடி பிரிந்துவிட்டால் எழுத்து போய்விடும். வெயில், கை எண்ணெய், பர்ஸின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாமே அந்த வேலையைச் செய்யும். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் ரசாயனம் தாளின் பூச்சுக்குள் இறங்குவதால், பத்திரமாக உறை போட்டு வைத்த பில்தான் முதலில் மங்குகிறது. மாறாக, வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் தாள் முழுக்கக் கறுத்துவிடுவதும் உண்டு. ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாக வேண்டிய சான்று ஒரு வருடம் தாங்காத தாளில் அச்சாகிறது என்பதில் கடைக்காரருக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

சட்டம் பில்லை எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது? 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்காமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. அதே பிரிவு, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது: பில்லில் காலம் குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லின் அடியில் அச்சடித்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற நம்பிக்கை நம் கடைத்தெருக்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. குறையுள்ள பொருள் என்று வந்துவிட்டால் அந்த வரி கடையைக் காப்பாற்றாது.

பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கும் 2020-ல் விதி வந்தது. விற்பவரின் பெயர், முகவரி, பில்லின் வரிசை எண், தேதி, வாங்குபவரின் பெயர், பொருளின் விவரம், வரி விகிதம், மொத்த விலை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பொருளின் சீரியல் நம்பர் வேண்டும் என்று மட்டும் அது பெயர் சொல்லிக் கேட்கவில்லை. மொபைல் போனுக்கு ஐஎம்ஈஐ எண்ணைப் பில்லில் அடிக்கும் பழக்கம் எல்லாக் கடைகளிலும் வந்துவிட்டது. இயர்பட்ஸுக்கு 'பிடி இயர்பட்ஸ் – 1' என்று மட்டும் அடித்துக் கொடுத்தால் யாரும் கேட்பதில்லை. பின்னால் வரும் தகராறுகளில் பாதி இந்த ஒற்றை வரியில்தான் விதைக்கப்படுகிறது.

சென்னையின் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் "பில் வேணும்னா பதினெட்டு பர்சென்ட் கூட வரும்" என்பது வாடிக்கையான வசனம். பெட்டியில் அச்சான எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்த விலை. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றம். பேரம் பேசிக் குறைத்த விலையின் மேல் வரி போடுகிறேன் என்பவர், அதற்கு முன் சொன்ன விலை வரி கட்டாத விலை என்று ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான். ஜிஎஸ்டி சட்டத்தில் பதிவு செய்த கடை, 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில் வாங்குபவர் கேட்காத பட்சத்தில்தான் தனி பில்லை விட்டுவிடலாம். எந்த இயர்பட்ஸும் அந்த விலைக்கு வருவதில்லை. வந்தால் அதைக் காதில் வைக்கும் முன் யோசிப்பது நல்லது. 'கடை வாரண்டி', 'செக்கிங் வாரண்டி' என்று வாய்மொழியாகச் சொல்லப்படுபவை கடைக்காரரின் முகத்தை நினைவு வைத்திருக்கும் வரை செல்லும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்குப் பில் மங்கும் தொல்லை இல்லை. ஆர்டர் பக்கத்தில் போய் எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். கவனிக்க வேண்டியது வேறு. பில்லில் விற்பனையாளர் என்று இருப்பது அந்தத் தளத்தின் பெயர் அல்ல, அதன் மேல் கடை விரித்திருக்கும் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயர். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29, மகாராஷ்டிரத்துக்கு 27. 'அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியிருந்தால்தான்' என்று நிபந்தனை போடும் நிறுவனங்களிடம் போகும்போது இந்தப் பெயர்தான் சரிபார்க்கப்படுகிறது. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏழு நாள், பத்து நாள் ரிட்டர்ன் காலம் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டியதில்லை.

இனி இந்தப் பொருளுக்கே உரிய சிக்கல். டிவி ஒன்றுதான், மிக்ஸி ஒன்றுதான். இயர்பட்ஸ் என்று ஒரு பில்லில் வாங்குவது மூன்று பொருள்களை: இடது, வலது, சார்ஜ் ஆகும் கேஸ். மூன்றுக்கும் தனித்தனி மின்கலம், தனித்தனி மின்சுற்று, பல நிறுவனங்களில் தனித்தனி சீரியல் நம்பரும் உண்டு. ஆப்பிளின் ஏர்பாட்ஸில் கேஸின் எண் மூடியின் உட்புறத்திலும், ஒவ்வொரு காதுக்குரிய எண் அதன் தண்டிலும் எறும்பெழுத்தில் இருக்கும். போனோடு இணைத்திருந்தால் ப்ளூடூத் அமைப்புகளில் சீரியல் நம்பரைத் தொட்டாலே இடது, வலது எண்களைக் காட்டும். விலை குறைந்த பல பிராண்டுகளில் எண் பெட்டியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டுமே இருக்கிறது. பெட்டியை எடைக்குப் போட்டால் 'இதுதானா' என்ற கேள்விக்கான பதிலும் அதோடு போய்விடும்.

மூன்று துண்டாக இருப்பதால் அவை மாறிக்கொள்கின்றன. விடுதி அறையில் இரண்டு பேரிடம் ஒரே மாடல் இருந்தால் ஒருவர் இடது இன்னொருவர் கேஸில் போய் உட்கார்ந்திருக்கும். அது வேலையும் செய்யும். சர்வீஸ் சென்டரில் எண்ணைப் பார்த்துவிட்டு "இது வேற செட்டோட பட் சார்" என்பார்கள். தொலைந்துபோன ஒரு காதுக்கு வாரண்டியில் இடமே இல்லை என்பதால், தொலைத்தவர்கள் பழைய சந்தையில் ஒற்றைக் காது வாங்கிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு கேஸ் பழுதானால்கூட நிறுவனம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். இப்படிப் பார்ப்பதை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை.

காரணம் போலிகள். 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி' என்று வெளிப்படையாகவே விற்கப்படும் போலி ஏர்பாட்ஸ்களில் அச்சிடப்படும் சீரியல் நம்பர் பல நேரம் உண்மையானது, வேறு எங்கோ இருக்கும் அசல் ஒன்றிலிருந்து நகலெடுத்தது. ஆகவே நிறுவனத்தின் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்து 'வாரண்டி உள்ளது' என்று வந்தால், அந்த எண்ணுக்கு வாரண்டி உள்ளது என்று மட்டுமே பொருள். கையில் இருப்பது அந்த எண்ணுக்குரிய பொருள்தான் என்று அந்தப் பக்கம் சொல்வதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் இது. அசலான பொருளிலும் அந்தப் பக்கம் காட்டும் தேதி நிறுவனத்திடம் உள்ள பதிவிலிருந்து வரும் மதிப்பீடுதான். வாங்கிய தேதி உறுதிசெய்யப்படவில்லை என்று வந்தால் பில்லைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பில் இல்லாதவர்களுக்குச் சில நிறுவனங்கள் தயாரிப்பு மாதத்திலிருந்தோ கிடங்கை விட்டு அனுப்பிய நாளிலிருந்தோ கணக்குப் பார்க்கின்றன. கடை அலமாரியில் ஐந்து மாதம் தூங்கிய பொருள் என்றால் அந்த ஐந்து மாதமும் வாங்கியவர் கணக்கில் எழுதப்படுகிறது.

இந்தியாவில் விற்கும் வயர்லெஸ் இயர்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பில் கட்டாயப் பதிவு உண்டு. ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும் எண் பெட்டியிலோ பொருளிலோ இருக்கும். அந்த அமைப்பின் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த ஆலை, எந்த பிராண்டு என்று காட்டும். உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் முகவரி, தயாரித்த மாதமும் வருடமும், எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு ஆகியவை பெட்டியில் இருக்க வேண்டும் என்பது பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதி. இவை எதுவும் இல்லாத பெட்டிக்குள் இருக்கும் வாரண்டி கார்டில் எவ்வளவு அழகான முத்திரை இருந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது?

இதே கேள்வி துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டியோடு வந்து இறங்கும் பரிசுகளுக்கும் உண்டு. அங்கே அசலாக வாங்கியது, பில்லும் பத்திரமாக இருக்கிறது, ஆனால் இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் 'இந்தியாவில் விற்றதற்கு மட்டும்' என்கிறது. பல நிறுவனங்களின் வாரண்டி அட்டையிலேயே வாங்கிய நாட்டுக்குள் மட்டும் செல்லும் என்று எழுதியிருக்கும். பரிசு கொண்டுவந்த சித்தப்பா அடுத்த தடவை ஊருக்கு வந்து திரும்பும்போது கொடுத்தனுப்புவதைத் தவிர வேறு வழியிருக்காது, அதற்குள் வாரண்டி முடியாமல் இருந்தால்.

பில் சரி, எண் சரி, நாடும் சரி என்றான பிறகுதான் பழுதைப் பற்றிய பேச்சு தொடங்கும். அங்கே அதிகம் ஏமாற்றுவது 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற சொல். ஐபிஎக்ஸ்4 என்றால் நாலா பக்கமிருந்தும் நீர் தெறித்தாலும் தாங்கும் என்று ஆய்வகத்தில் சோதித்ததாக அர்த்தம். நடுவில் உள்ள எக்ஸ், தூசி விஷயத்தில் தரம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதற்கு அடையாளம். இந்தத் தாங்கும் திறன் நிரந்தரமல்ல, தேயத் தேயக் குறையும் என்று ஆப்பிளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்தில் வியர்வை சொட்ட ஓடுகிறவர் காதில் அதே பொருள் இருக்கும். வாரண்டி நிபந்தனையில் திரவத்தால் வந்த சேதம் சேராது என்று இருக்கும். இரண்டையும் எழுதியது ஒரே நிறுவனம்தான்.

மின்கலம் இன்னொரு நழுவல். முதல் தலைமுறை ஏர்பாட்ஸில் ஒரு காதுக்குள் இருந்தது 93 மில்லிவாட்-மணி கொள்ளளவு. தினமும் இரண்டு மூன்று முறை நிரம்பிக் காலியாகும் அவ்வளவு சிறிய மின்கலம் சீக்கிரம் களைத்துப்போகும். மூன்று மணி நேரம் பாடியது ஒன்றரை மணியில் நின்றால் அது பழுதா, தேய்மானமா? தேய்மானப் பாகங்கள் வாரண்டியில் இல்லை, தயாரிப்புக் குறையால் கெட்டால் மட்டும் உண்டு என்பது பொதுவான நிபந்தனை. எது எது என்று தீர்மானிப்பதும் அவர்களே. பழுதுபார்ப்பது என்ற வார்த்தைக்கே இங்கே இடமில்லை. பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் குழு ஏர்பாட்ஸ் புரோவுக்குப் பத்துக்குப் பூஜ்யம் கொடுத்தது. பசை போட்டு ஒட்டிய ஓட்டைத் திறந்தால் மறுபடி மூட முடியாது. ஆகவே சர்வீஸ் என்றால் மாற்றித் தருவதுதான். மாற்றித் தர வேண்டியிருப்பதால்தான் பில்லை அவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ரெண்டு கம்பியைப் பற்றவைத்துக் கொடுக்கும் வேலையாக இருந்திருந்தால் இந்த விசாரணை இருந்திருக்காது.

வாரண்டி முடிந்த பிறகும் உரிமை மிச்சமிருக்கும் நேரம் உண்டு. 2020 அக்டோபருக்கு முன் தயாரான ஏர்பாட்ஸ் புரோவில் கரகரவென்ற சத்தம் வருவதாகப் புகார்கள் குவிந்தபோது, ஆப்பிள் இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தது. முதல் விற்பனையிலிருந்து இரண்டு வருடம் என்று இருந்ததைப் பிறகு மூன்றாக்கியது. ஒரு வருடம் முடிந்துவிட்டதே என்று பெட்டிக்குள் போட்டு மூடியவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரே குறைந்தது இரண்டு வருடம் பொறுப்பு. முதல் வருடத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் விற்பவர் நிரூபிக்க வேண்டும். இந்த உரிமையை வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தைக் காசுக்கு விற்றதற்காக இத்தாலியின் போட்டி ஆணையம் 2011-ல் ஆப்பிளுக்கு ஒன்பது லட்சம் யூரோ அபராதம் போட்டது. நம்மிடம் அப்படி எல்லாப் பொருளுக்கும் பொதுவான சட்டபூர்வ வாரண்டிக் காலம் இல்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் வாரண்டி என்பதை ஒப்பந்தத்தின் துணை நிபந்தனையாக மட்டுமே வரையறுக்கிறது. ஆறு மாதமா ஒரு வருடமா என்பதை நிறுவனம்தான் எழுதுகிறது.

பில்லே இல்லை என்றால் என்ன செய்வது? பில் இருந்தால்தான் வாரண்டி என்பது நிறுவனத்தின் நிபந்தனை. நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் கையில் உள்ள ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுக்கிறது. யுபிஐ பதிவு எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று சொல்லும், என்ன வாங்கினோம் என்று சொல்லாது. பெட்டியில் உள்ள எண் எது என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பில் சொல்லியிருக்க வேண்டியது ஏறக்குறைய வந்துவிடுகிறது. கடையிலேயே மறுபிரதி கேட்பது இதைவிடச் சுலபம். மொபைல் எண்ணை வாங்கிக்கொண்டு பில் போட்ட கடையின் கணினியில் அது இருக்கும்.

புகாருக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள் என்பது நிறுவனங்களுக்கும் தெரியும். உதவி எண்ணில் பதிவான ஒரு புகாரே பல நேரம் வேலையை முடித்துவிடுவதற்குக் காரணமும் அதே கணக்குதான், எதிர்த்திசையில்: அந்தத் தொகைக்கு வழக்காட அவர்களுக்கும் கட்டுப்படியாகாது.

எங்கள் கதையில் அவ்வளவு தூரம் போகவில்லை. யுபிஐ பதிவில் தேதி கிடைத்தது, அதை வைத்துக் கடையில் மறுபிரதி அடித்துக் கொடுத்தார்கள். பெட்டி பரணில் இருந்தது. பத்து நாளில் புது இடது காது வந்தது, வலதும் கேஸும் பழையவையே. வாங்கிய பில்லோடு இனி இந்த இடது பொருந்தாது என்பது அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அதன் புது எண் இருப்பது கவுன்டரில் கொடுத்த ஜாப் ஷீட்டில் மட்டும். மாற்றிக் கொடுத்ததற்கு எத்தனை நாள் வாரண்டி என்று கேட்டேன். "பழைய பில் தேதிக்கு மீதி எவ்வளவோ அவ்வளவுதான் சார்" என்றார் அதே தம்பி. கிர்ரென்ற சத்தத்தோடு இயந்திரத்திலிருந்து வந்த ஜாப் ஷீட்டும் அதே மையில்லாத தாள். அக்கா மகள் அதைக் கவுன்டர் கண்ணாடியின் மேலேயே விரித்துப்போட்டு, பக்கத்தில் மூன்று துண்டுகளையும் எண் தெரியும்படி திருப்பி வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர் கொஞ்சம் பொறுமையிழந்தார்.